இல்லத்தில் வளரும் பிள்ளையும் நம் பிள்ளையே

(எல்லையோர ஊர்த் தொடர்கல்வி மையக் கூட்டத்தில் பேசியது)

இன்று நாம் பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறோம். நம் வீட்டுத் திண்ணையில் விளையாடும் பிள்ளைகளைப் பற்றி அல்ல. அநாதை இல்லம், குழந்தைகள் இல்லம் என்று நாம் சொல்லும் இடங்களில் வளரும் பிள்ளைகளைப் பற்றி.

அந்தப் பிள்ளைகள் யார்? கேட்டால் உடனே பதில் சொல்வோம். "தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகள்" என்போம்.

இந்தப் பதில் பாதிதான் சரி. தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகள் அங்கே உண்டு. ஆனால் உலகம் முழுவதும் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ ஒருவராவது உயிரோடு இருப்பது தெரிந்தது.

அப்படியானால் பிள்ளை ஏன் அங்கே போகிறது?

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தகப்பன் ரப்பர் பால் வெட்டுகிறவர். திடீரென்று இறந்துபோனார். தாய் அண்டி ஆபீசுக்குப் போகிறாள். விடியுமுன் போனால் இருட்டிய பின்தான் வருவாள். வீட்டில் மூன்று பிள்ளைகள். அம்மச்சிக்குக் கண் தெரியாது. அடுப்பில் மரச்சீனி வெந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. யாரோ ஒருவர் வந்து சொல்கிறார்: "பிள்ளைகளை இல்லத்தில் விடு. மூன்று நேரமும் சோறு கிடைக்கும். படிப்பும் கிடைக்கும்." தாய் அழுதுகொண்டே சம்மதிக்கிறாள்.

இந்தத் தாயை யாரும் குறை சொல்லக் கூடாது. பிள்ளையின் வயிறு நிறைய வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அவளுக்கு வேறு வழி இருந்ததா? இருந்தால், அதை அவளுக்கு யாராவது சொன்னார்களா?

அந்த வழிகளைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

வீடு ஏன் முக்கியம்?

வெளிநாட்டில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் ருமேனியா என்று ஒரு நாடு. 1989-ஆம் ஆண்டில் அங்கே ஆட்சி கவிழ்ந்தது. அப்போது ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் பெரிய பெரிய அரசு இல்லங்களில் இருந்தது வெளியே தெரிந்தது. அவர்களுக்குச் சோறு இருந்தது. படுக்க இடம் இருந்தது. ஆனால் தூக்கிக் கொஞ்ச ஆள் இல்லை. ஒரே ஆயா பல குழந்தைகளைப் பார்த்தாள். அவளும் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தாள்.

2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு, அந்த நாட்டின் தலைநகரமான புக்கரெஸ்டில் அறிஞர்கள் 136 சின்னக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். அவர்களில் பாதிப் பேரைக் குடும்பங்களில் வளர விட்டார்கள். மற்றவர்கள் இல்லத்திலேயே இருந்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளுக்குப் பேச்சும் அறிவும் நன்றாக வளர்ந்தன. இரண்டு வயதுக்குள் போன குழந்தைகளுக்கு இன்னும் நன்றாக வளர்ந்தன.

இதில் நாம் அறிய வேண்டியது என்ன? பிள்ளைக்குச் சோறு மட்டும் போதாது. "இவள் என் ஆள்" என்று ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் தாயாக இருக்கலாம். பாட்டாவாக இருக்கலாம். அத்தையாக, மாமாவாக, வளர்ப்புத் தாயாக இருக்கலாம். இல்லத்து அக்காவாகவும் இருக்கலாம். ஆனால் அவர் இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று மாறக் கூடாது.

நல்ல இல்லம் எப்படி இருக்கும்?

இல்லமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. சில பிள்ளைகளுக்கு வீடே ஆபத்தான இடமாக இருக்கும். அவர்களுக்கு இல்லம்தான் உயிரைக் காப்பாற்றும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-ல் டாக்டர் ஆனார். 1927-ல் சென்னைச் சட்டசபைக்கு உறுப்பினராகப் போனார். பெண்பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் அப்போது இருந்தது. அதை ஒழிக்க அவர் பாடுபட்டார். அந்த வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த சில பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதி கிடைக்கவில்லை. அம்மையார் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930-ல் அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான். பிறகு அங்கே பள்ளிக்கூடமும் வந்தது. வந்தவர்களுக்குச் சோறு போட்டதோடு அவர் நிற்கவில்லை. சொந்தக் காலில் நிற்கப் படிப்பையும் கொடுத்தார்.

இன்னும் பக்கத்தில் வருவோம். திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காட்டுக்கு அருகே டோனாவூர் இருக்கிறது. அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தார். 1951-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். நூறு பிள்ளைகளை ஒரே கூடத்தில் படுக்க வைக்கும் முறை அங்கே இல்லை. சின்னச் சின்ன வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் சில பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்காள். இல்லத்தையும் வீடு மாதிரி ஆக்கலாம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஆகவே, ஓர் இல்லத்தைப் பார்க்கப் போனால் கட்டடத்தின் உயரத்தைப் பார்க்காதீர்கள். இவற்றைப் பாருங்கள்.

பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா?

அண்ணன் தங்கையை ஒன்றாக வைத்திருக்கிறார்களா?

இரவில் காய்ச்சல் வந்தால் பிள்ளை யாரை எழுப்பும்?

பிள்ளை தினமும் பள்ளிக்கூடம் போகிறதா?

அடி உண்டா? இல்லத்தில் பிள்ளையை அடிப்பது சட்டப்படி குற்றம்.

உறவினர் வந்து பார்க்க விடுகிறார்களா? பார்க்க விடாத இல்லத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது.

நம் பக்கத்துக்கென்றே இன்னொரு கேள்வியும் உண்டு. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை, மலையாளம் மட்டும் பேசும் இல்லத்துக்குப் போனால் என்ன ஆகும்? வயிற்று வலியைக்கூடச் சொல்லத் தெரியாமல் விழிக்கும். மலையாளத்தை அது சீக்கிரம் கற்றுக்கொள்ளும். கற்கட்டும், நல்லதுதான். ஆனால் தமிழை மறந்துவிட்டால் அம்மச்சியோடு எப்படிப் பேசும்? பிள்ளையின் பேச்சு மொழி தெரிந்த ஒருவராவது இல்லத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இளைஞர் நீதிச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இப்போது நடப்பில் இருப்பது 2015-ல் வந்த சட்டம். 2021-ல் அதில் சில திருத்தங்கள் செய்தார்கள். 18 வயது நிறையாத எல்லோரும் இந்தச் சட்டப்படி குழந்தைகளே.

பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. முதலில் சொந்தக் குடும்பம். அது முடியாவிட்டால் உறவினர், வளர்ப்புக் குடும்பம், தத்து. இவை எதுவும் முடியாதபோதுதான் இல்லம்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. அதில் தலைவர் ஒருவர், உறுப்பினர் நான்கு பேர். ஒரு பிள்ளை எங்கே வளர வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் இந்தக் குழுவுக்குத்தான். ஆதரவில்லாத பிள்ளை ஓர் இல்லத்துக்கு வந்தால், 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். இல்லம் நடத்துகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, தாமாகப் பிள்ளையைச் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது.

பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் இல்லம் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் உண்டு. "உங்கள் பதிவுச் சான்று எங்கே?" என்று தைரியமாகக் கேளுங்கள். காட்டினால் வாசித்துப் பாருங்கள். உங்களுக்கு இப்போது வாசிக்கத் தெரியுமே!

கையெழுத்துப் போடும் முன்

இதை நன்றாகக் கவனியுங்கள். இன்றைய பேச்சில் மிக முக்கியமான இடம் இதுதான்.

இல்லத்தில் சேர்ப்பது வேறு. ஒப்படைப்பது வேறு.

சேர்த்தால் பிள்ளை உங்கள் பிள்ளைதான். வீட்டு நிலைமை சரியானதும் குழுவிடம் விண்ணப்பித்து, திரும்பக் கூட்டி வரலாம்.

ஒப்படைத்தால், பிள்ளையின் மேல் உள்ள உரிமையை விட்டுக் கொடுத்ததாகப் பொருள். அந்தப் பிள்ளையை வேறொரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கலாம். ஒப்படைப்புப் பத்திரத்தைக் குழந்தைகள் நலக் குழுவின் முன்புதான் எழுத வேண்டும். அதற்கு முன் குழு விசாரிக்கும். தாயிடம் எடுத்துச் சொல்லும். எழுதிய பிறகும் மனம் மாற இரண்டு மாத காலம் உண்டு. அதற்குள் "என் பிள்ளை எனக்கு வேண்டும்" என்று தாய் கேட்கலாம். அந்தக் காலம் கடந்து, தத்தும் போய்விட்டால், பிறகு அழுது பயனில்லை.

முன்பெல்லாம் நம் தாய்மார்கள் கைநாட்டு வைத்தார்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. இன்று நாம் அப்படி இல்லை. எந்தத் தாளையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மலையாளத்தில் இருந்தால், தமிழில் வாசித்துச் சொல்லக் கேளுங்கள். புரியாவிட்டால் "நாளை வருகிறேன்" என்று சொல்லி எழுந்து வாருங்கள். தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கையெழுத்துப் போட்ட தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.

பிள்ளையை யாரிடமாவது காசுக்குக் கொடுப்பதும் வாங்குவதும் பெரிய குற்றம். ஐந்தாண்டு வரை கடுங்காவல் கிடைக்கும். "ஆஸ்பத்திரியிலேயே முடித்துவிடலாம், யாருக்கும் தெரியாது" என்று சொல்லி வரும் தரகரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

பெற்ற குழந்தையை வளர்க்கவே முடியாத நிலை ஒரு பெண்ணுக்கு வரலாம். அப்போதும் குழந்தையைப் புதரில் போட வேண்டாம். திருவனந்தபுரம் தைக்காட்டில் கேரள மாநிலக் குழந்தைகள் நல அமைப்பு 2002-ல் அம்மத்தொட்டில் வைத்தது. தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கியது. குழந்தை உயிரோடு இருக்க வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம்.

வீட்டிலேயே வளர்க்க உதவி உண்டு

பால் வெட்டுகிறவரின் வீட்டுக்குத் திரும்புவோம். அந்தத் தாய்க்கு என்ன வழி இருந்தது?

கேரளத்தில் ஸ்நேகபூர்வம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. தாயையோ தகப்பனையோ, இருவரையுமோ இழந்து, வீட்டிலோ உறவினரிடமோ வளரும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு மாதந்தோறும் பண உதவி செய்யும் திட்டம் அது. பிள்ளை படிக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. இதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2025 செப்டம்பரில் அன்புக் கரங்கள் திட்டம் தொடங்கியது. அதில் மாதம் 2,000 ரூபாய். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உங்கள் சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இந்தப் பணம் பெரிய பணம் அல்ல. ஆனால் பிள்ளை தாயின் பக்கத்தில் தூங்க இது உதவும். பகலில் சின்னப் பிள்ளைக்கு அங்கன்வாடி. பெரிய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சோறு. மாலையில் பக்கத்து வீட்டு மாமியின் கண். இவ்வளவும் சேர்ந்தால் அந்த வீடு சிதறாது. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அங்கன்வாடி டீச்சரிடம் கேளுங்கள், அல்லது வார்டு மெம்பரிடம் கேளுங்கள். பஞ்சாயத்தில் ஜாக்ரதா சமிதி இருக்கிறது, அங்கேயும் போகலாம்.

எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டது நிலத்தில்தான். உறவில் போட முடியவில்லை. பாறசாலையில் மகள் இருப்பாள், மார்த்தாண்டத்தில் தாய் இருப்பாள்.

ஆனால் ஒரு பிள்ளை தனியாக நின்றால் இந்தக் கோடு குழப்பம் தரும். "அந்தப் பக்கத்துப் பிள்ளை, நமக்கு எதற்கு வம்பு?" என்று சிலர் ஒதுங்கிப் போவார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை. சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான். 1098 என்ற இலவச டெலிபோன் எண்ணும் ஒன்றுதான். இரவும் பகலும் கூப்பிடலாம். பாறசாலை ரயில் நிலையத்திலோ களியக்காவிளை பஸ் நிலையத்திலோ ஒரு பிள்ளை தனியாக நின்றால், முதலில் தண்ணீர் கொடுங்கள். பெயரைக் கேளுங்கள். பிறகு 1098-ஐக் கூப்பிடுங்கள். போலீஸ் நிலையத்திலும் சொல்லலாம். கைவிடப்பட்ட பிள்ளையையோ காணாமல் போன பிள்ளையையோ கண்டவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம். இரக்கப்பட்டுப் பிள்ளையை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது. பெற்றவர்கள் எங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளையின் ஊர் கன்னியாகுமரி மாவட்டம் என்று தெரிந்தால், திருவனந்தபுரம் குழு அங்குள்ள குழுவுக்கு அனுப்பி வைக்கும். அங்கே கிடைத்த நம் பிள்ளையும் அப்படியே இங்கே வந்து சேரும்.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. குளச்சல் கடற்கரையும் நாகப்பட்டினமும் அழுதன. 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் மண் சரிந்தது. இரண்டு தடவையும் பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தத்தெடுக்கப் பலர் முன்வந்தார்கள். நல்ல மனம்தான். ஆனால் உறவினர் இருக்கிறார்களா என்று முதலில் தேட வேண்டும். தத்துக்கு உரிய சட்ட வழியில்தான் போக வேண்டும். எல்லாம் இழந்த பிள்ளைக்கு மிச்சம் இருப்பது ஒரு சித்தப்பாவும் சொந்த ஊரும்தானே? அதையும் நாம் அவசரப்பட்டுப் பறித்துவிடக் கூடாது.

ஒரு நாள் விருந்து போதுமா?

நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. பிறந்த நாள், கல்யாண நாள், இறந்தவர்களின் நினைவு நாள் என்றால் இல்லத்துக்குப் போய்ச் சாப்பாடு போடுகிறோம். பசித்தவர்க்குச் சோறு போடுவது நல்ல காரியம். ஆனால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்து, செல்போனில் ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். இது சரியா? நம் பிள்ளையை யாராவது அப்படி நிறுத்தினால் நமக்குப் பொறுக்குமா? இந்தப் பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் வெளியிடச் சட்டமும் தடை போட்டிருக்கிறது.

ஓணத்துக்கு மூன்று பேர் பாயசம் கொண்டு வருவார்கள். கர்க்கடக மழையில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்த மழை மாதத்தில் சோப்பு வேண்டும், போர்வை வேண்டும், நோட்டுப் புத்தகம் வேண்டும். கணக்குச் சொல்லித் தர ஆள் வேண்டும். தச்சு வேலையோ தறி வேலையோ தெரிந்தவர் வாரம் ஒரு மணி நேரம் கற்றுத் தரலாம். 18 வயது முடிந்ததும் பிள்ளை இல்லத்தை விட்டு வெளியே வர வேண்டும். 21 வயது வரை உதவி செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் வேலைக்கு ஒருவர் சொல்லிவிட வேண்டும். வாடகை வீட்டுக்கு ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். அந்த ஒருவராக நாம் நிற்கலாம்.

உறவினருக்கு இன்னும் பெரிய கடமை இருக்கிறது. இல்லத்தில் விட்டுவிட்டோம், கடமை தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். அனுமதித்த நாளில் தவறாமல் போய்ப் பாருங்கள். போக முடியாத மாதம் ஒரு கடிதம் எழுதுங்கள். எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. "மக்கா, ஆடு குட்டி போட்டிருக்கு. உன் மாமரம் பூத்திருக்கு. அம்மா அடுத்த மாசம் வருவேன்" என்று மூன்று வரி போதும். அந்தப் பிள்ளை அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளும். தனக்கு ஒரு வீடு இருக்கிறது, தனக்காக ஒருத்தி காத்திருக்கிறாள் என்று அதற்குத் தெரியும்.

நாம் எழுதக் கற்றது எதற்கு என்று யாராவது கேட்டால், இந்த மூன்று வரிக்குத்தான் என்று சொல்லுங்கள்.

கூடிப் பேசுவோம்

1. நம் ஊரில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு உதவித் தொகை கிடைக்கிறதா?

2. பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதற்கும் ஒப்படைப்பதற்கும் என்ன வேறுபாடு?

3. தனியாக நிற்கும் பிள்ளையைக் கண்டால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும்? அந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

4. இல்லத்தில் வளரும் நம் உறவுப் பிள்ளை ஒன்றுக்கு இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். அப்படி உறவுப் பிள்ளை இல்லாதவர்கள், எழுதத் தெரியாத ஒரு பாட்டிக்கு அவர் பேரப் பிள்ளைக்கு அனுப்பக் கடிதம் எழுதிக் கொடுங்கள்.